விஜயாவின் ஆமையும் எங்கள் ஏரி ஆமையும்

விலங்குகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும்போது அதில் ஓர் ஆளின் பெயரைச் சேர்ப்பது புது வழக்கம் கிடையாது. வெள்ளைக்கார கவர்னர்கள், வனத்துறை அதிகாரிகள், ராணுவ டாக்டர்கள் பெயரைச் சுமந்துகொண்டு நம் ஊர்ப் பாம்பும் தவளையும் பல்லியும் நிறையத் திரிகின்றன. ஆனால் ஓர் ஆமைக்கு, அதுவும் ஒரு பேரினத்துக்கே, சென்னையில் கல்லூரி படித்த ஓர் இளம்பெண்ணின் பெயர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பேரினத்தின் பெயர் விஜயாசெலிஸ். 'செலிஸ்' என்றால் கிரேக்கத்தில் ஆமை. விஜயாவின் ஆமை. அந்தப் பேரினத்தில் ஒரே ஓர் இனம்தான்: விஜயாசெலிஸ் சில்வாட்டிக்கா. காட்டில் வாழ்வது என்று அர்த்தம். பொதுவாக கேன் டர்ட்டில் என்பார்கள். கேன் என்றால் பிரம்பு, மலையாளத்தில் சூரல். நாமும் பிரம்பு ஆமை என்றே சொல்லிக்கொள்ளலாம்.

நான் இருப்பது பெரியபாளையம். ஆரணி ஆற்றங்கரை. பவானி அம்மன் கோவிலுக்கு ஆடி மாசம் வேப்பிலை கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவார்களே, அந்த ஊர்தான். இங்கே மலையும் கிடையாது, பிரம்புக் காடும் கிடையாது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், சுற்றிலும் செங்கல் சூளை, ஏரி, வயல், வீட்டுமனை போர்டு. அப்புறம் எதுக்கு கேரளக் காட்டு ஆமையைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்கலாம். ஆமைகளைக் காப்பாற்றுவது என்றால் உண்மையில் என்ன வேலை, அதில் ஆராய்ச்சிக்கு என்ன பங்கு என்று தேடிக்கொண்டு போனபோது, எந்தப் பக்கம் நூலைப் பிடித்தாலும் அது சென்னையில்தான் வந்து நின்றது. அந்த நூலின் இன்னொரு முனை எங்கள் ஏரியில் கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் ஏரி

திருவள்ளூர் மாவட்டத்து ஏரி குளங்களில் சாதாரணமாகத் தென்படுவது இரண்டு வகை ஆமை. ஒன்று கறுப்பு ஆமை. கெட்டியான ஓடு, முதுகில் மூன்று வரம்பு. இன்னொன்று பாலாமை. இதன் ஓடு கெட்டியாக இருக்காது. மேலே தோல் போர்த்தின மாதிரி இருக்கும். அடியில் பின்னங்கால் பக்கம் இரண்டு மடல் உண்டு. பயந்தால் காலை உள்ளே இழுத்து அந்த மடலை மூடிக்கொள்ளும். மூக்கு சின்னக் குழாய் மாதிரி நீண்டிருக்கும்.

இந்தப் பாலாமைக்கு அறிவியல் உலகில் ரொம்பப் பழைய வரலாறு. 1788இல் பிரான்சில் லாசெப்பேத் என்ற இயற்கையியலாளர் ஊர்வனவற்றைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் இந்த ஆமை வருகிறது. சொரசொரப்பான தோலை வைத்து அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயரும் கொடுத்தார். அடுத்த வருஷமே, 1789இல், பொன்னத்தேர் என்பவர் முறையான லத்தீன் பெயர் வைத்தார்: 'புங்க்டாட்டா', அதாவது புள்ளி போட்டது. பின்னாளில் ஆமை வகைப்பாட்டு ஆய்வாளர்கள் பழைய மாதிரிகளை ஆராய்ந்து, இந்தப் பெயருக்கு உரிய மூல இடம் சோழமண்டலக் கரையில் உள்ள புதுச்சேரி என்று குறித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்த வருஷத்திலேயே நம்ம ஏரி ஆமைக்குப் பாரிசில் பெயர் பதிவாகிவிட்டது.

பெயர் பதிவாகி 200 வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஆனால் ஆரணி ஆற்றுப் பக்கத்து ஏரிகளில் எத்தனை பாலாமை இருக்கிறது, பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டால், என் கண்ணில் பட்டவரை ஒரு கணக்கும் இல்லை. பெயர் இருக்கிறது, ஆளைப் பற்றிய தகவல் இல்லை. இந்த நிலைமை ஓர் உயிரினத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரம்பு ஆமையின் கதை நல்ல உதாரணம்.

1912: எழும்பூர் மியூசியத்தில் ஒரு நண்டு நிபுணர்

ஜான் ராபர்ட்சன் ஹெண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய துறை நண்டு, இறால் வகையறா. உலகத்தைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த துறவி நண்டுகளைப் பற்றி 1888இல் பெரிய அறிக்கை எழுதியவர். எட்கர் தர்ஸ்டனுக்குப் பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் ஆனார்.

அப்போது அவர் கைக்கு இரண்டு சின்ன ஆமைகள் வந்தன. கொச்சி சமஸ்தானக் காட்டில், கவளை என்ற இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தவை. உள்ளங்கையில் அடங்கக்கூடிய அளவு. தலையில் மஞ்சளும் சிவப்பும். ஆறு குளம் பக்கமே இல்லாமல், அடர்ந்த காட்டின் தரையில் வாழும் ஆமை. 1912இல் இந்தியன் மியூசியம் வெளியிட்டு வந்த ஆய்விதழில், தென்னிந்தியாவிலிருந்து ஒரு புதிய ஆமை பற்றிய முதற்குறிப்பு என்று இரண்டு பக்கம் எழுதினார். ஜியோமிடா சில்வாட்டிக்கா என்று பெயரும் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கவளை வழியாகத்தான் கொச்சி சமஸ்தானத்தின் வன டிராம்வே போனது. பறம்பிக்குளத்துத் தேக்கையும் ஈட்டியையும் சாலக்குடிக்கு இறக்குவதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட தண்டவாளம். மரம் இறக்கப் போட்ட பாதையின் ஓரத்தில்தான் அறிவியலுக்கு இந்த ஆமை கிடைத்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. காலனி காலத்து இயற்கை வரலாற்றில் இது திரும்பத் திரும்ப வரும் விஷயம்: காட்டைத் திறக்கிற அதே பாதையில்தான் காட்டைப் பற்றிய அறிவும் வெளியே வந்தது. ஓர் உயிரினத்துக்குப் பெயர் கிடைப்பதும் அதன் வீடு வெட்டப்படுவதும் பெரும்பாலும் ஒரே காலத்தில் நடந்தது.

அதற்குப் பிறகு? ஒன்றும் இல்லை. 1931இல் மால்கம் ஸ்மித் பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் ஆமைகளைப் பற்றிய தொகுதியை எழுதினார். அவருக்கும் ஹெண்டர்சன் விட்டுச்சென்ற தகவல்தான் ஆதாரம். புதுசா யாரும் அந்த ஆமையை ஆய்வுக்காகத் தேடிப் பிடிக்கவில்லை. 1963இல் டிராம்வேயையும் மூடிவிட்டார்கள். புத்தகத்தில் இருக்கிறது, காட்டில் இருக்கிறதா தெரியாது. இப்படியே 70 வருஷம்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். பழைய சிஸ்டத்தில் ஒரு பெயர் மட்டும் இருக்கும். அது என்ன செய்கிறது, யார் எழுதினார், எடுத்துவிட்டால் எது உடையும் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதை யாரும் பாதுகாக்க மாட்டார்கள். ஒருநாள் காணாமல் போனால்கூட யாருக்கும் தெரியாது. உயிரினங்களுக்கும் அதே கதிதான். ஓர் ஆமையைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும், அது இருக்கும் காட்டை ஒதுக்க வேண்டும் என்றால், முதலில் அது எங்கே இருக்கிறது, என்ன தின்கிறது, எப்போது முட்டை வைக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

பாம்புப் பண்ணைக்கு வந்த மாணவி

ஜே. விஜயா 1959இல் பெங்களூருவில் பிறந்தவர். எல்லோரும் விஜி என்றுதான் கூப்பிட்டார்கள். சென்னையில் எத்திராஜ் கல்லூரியில் படிக்கும்போது கிண்டி பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலராக வர ஆரம்பித்தார். ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பண்ணை அது. 1976இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். இந்த இரண்டு இடங்களும் அப்போது தென்னிந்தியாவில் ஊர்வன ஆராய்ச்சிக்குப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தன. பல்கலைக்கழகப் பட்டம் கேட்காமல், வேலை செய்ய வருகிறாயா என்று கேட்கிற பள்ளிக்கூடம்.

இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று இன்றைக்கு விஜியைக் குறிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு பொண்ணு, தனியா, ரயிலிலும் பஸ்ஸிலும் மாநிலம் மாநிலமாகப் போய் மீன் மார்க்கெட்டில் நின்று ஆமை எண்ணுகிறாள் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விஜி செய்தது அதுதான். அமெரிக்காவின் எட்வர்ட் மால் என்ற பேராசிரியர், மலேசியாவின் பேராக் ஆற்றில் பெரிய ஆற்று ஆமைகளை ஆராய்ந்தவர், இந்திய நன்னீர் ஆமைகளைக் கணக்கெடுக்க 1980களின் தொடக்கத்தில் இங்கே வந்தார். விஜி அவரோடு சேர்ந்து வேலை செய்தார். எந்த ஆற்றில் எந்த ஆமை, சந்தையில் என்ன விலை, எங்கிருந்து எங்கே போகிறது என்று விவரம் சேர்த்தார்கள்.

வங்காளக் கரையில் திகா பக்கம் கடல் ஆமைகளைக் கூட்டம் கூட்டமாக வெட்டி விற்பதை விஜி படம் எடுத்தார். அது 1982இல் 'இந்தியா டுடே'யில் வந்தது. அதைப் பார்த்த பிரதமர் இந்திரா காந்தி தலையிட்டு, கடலோரக் காவல் படையைப் பாதுகாப்புக்கு முடுக்கிவிட்டார். கேமராவோடு ஓர் ஆள் போய் நின்றது ஒரு நாட்டின் நடவடிக்கையையே மாற்றியது. அப்போது விஜிக்கு வயது 22, 23தான்.

1982: காட்டுக்குள்

அதே 1982. ஹெண்டர்சனின் ஆமையைத் தேடி விஜி சாலக்குடிக் காட்டுக்குள் போனார். அங்கே வழிகாட்டியவர்கள் காடர்கள். அந்த மலைகளின் பழங்குடி மக்கள். இதைச் சும்மா ஒரு வரியில் தாண்டிப் போகக் கூடாது. அறிவியலுக்குத்தான் அந்த ஆமை 70 வருஷம் காணாமல் போயிருந்தது. காடர்களுக்கு அது காணாமல் போகவே இல்லை. தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் போகும் வழியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வந்து கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். விஜி போய்க் கேட்டார்.

ஆமை கிடைத்தது. ஹமாட்ரையட் என்ற ஊர்வனவியல் இதழில், சாலக்குடிக் காட்டிலிருந்து பிரம்பு ஆமை மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது என்று விஜி ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். சென்னையிலிருந்தே வெளிவந்த இதழ் அது. 1912இல் சென்னை மியூசியத்து ஆள் வைத்த பெயருக்கு 1982இல் சென்னை இதழில் உயிர் வந்தது.

பலர் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். காணாமல் போனது கிடைத்தாச்சு, சுபம். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. விஜி திரும்பவும் காட்டுக்குப் போனார். அங்கே ஒரு குகையில் தங்கி மாதக்கணக்கில் அந்த ஆமைகளைக் கவனித்தார். உதிர்ந்த பழம், இலை, நத்தை, மரவட்டை என்று என்னவெல்லாம் தின்கிறது, பகலில் சருகுக்குள் எப்படி ஒளிகிறது, இனப்பெருக்கக் காலத்தில் தலையின் நிறம் எப்படி மாறுகிறது என்று குறிப்பு எடுத்தார். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை போல, அதுவும் உடம்புக்குப் பெரிய முட்டை.

இந்த இரண்டு முட்டை விவரம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். பாதுகாப்புக்கு இதுதான் அடிப்படைக் கணக்கு. கடல் ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கும் மேல் வைக்கும். இரண்டு முட்டை வைக்கிற ஆமையில் பத்துப் பெட்டையைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தப் பள்ளத்தாக்கு திரும்ப எழுந்திருக்கப் பல வருஷம் ஆகும். கடல் ஆமைக்குப் போட்ட திட்டத்தை அப்படியே எடுத்து இதற்குப் போட முடியாது. எந்த ஆமைக்கு எந்தத் திட்டம் என்று சொல்வது களக்குறிப்புதான்.

1986இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் மால், குரூம்பிரிட்ஜ், விஜயா மூவரும் சேர்ந்து பிரம்பு ஆமையை முழுமையாக மறுவிவரணம் செய்தார்கள். ஹெண்டர்சனின் இரண்டு பக்கம் இப்போது ஒரு முழுக் கட்டுரை ஆனது.

1987இல் விஜி இறந்துபோனார். 30 வயதைக்கூடத் தொடவில்லை.

குறிப்பேடு செத்துப்போகாது

அந்த ஆமை வகைப்பாட்டில் நிலையான இடம் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது. சிலர் ஜியோமிடா என்றார்கள், சிலர் ஹியோசெமிஸ் என்றார்கள். 2006இல் பிராஷக், உவே ஃப்ரிட்ஸ் உள்ளிட்ட ஓர் ஆய்வுக் குழு மரபணுவை ஆராய்ந்து பார்த்தது. அந்த இரண்டிலும் இது சேராது, தனிப் பேரினம் என்று தெரிந்தது. புதுப் பேரினத்துக்குப் பெயர் வேண்டுமே. விஜயாசெலிஸ் என்று வைத்தார்கள்.

இன்னொன்று உண்டு. 2009இல் 'செலோனியன் கன்சர்வேஷன் அண்ட் பயாலஜி' என்ற ஆமைகளுக்கான ஆய்விதழில், தென்னிந்தியாவில் பிரம்பு ஆமையின் வாழ்வியல் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நிகில் விட்டேக்கர், ஜே. விஜயா. இறந்து 22 வருஷம் கழித்து விஜி பெயரில் கட்டுரை! ஓர் ஆள் காட்டில் உட்கார்ந்து எழுதின விவரம், அவர் போன பிறகும் வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு வந்த தீபக் வீரப்பன், கார்த்திகேயன் வாசுதேவன் போன்ற ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த ஆமையைப் பற்றி மேலும் வேலை செய்தார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடிந்தது என்றால், அங்கே எழுதி வைத்த ஏதோ ஒன்று இருந்ததால்தான்.

முட்டையின் தூக்கம்

இப்போது ஏரிக்கு வருவோம். விஜி காட்டு ஆமையோடு மட்டும் நிற்கவில்லை. நம்ம பாலாமையையும் கவனித்தார். 1983இல் பாலாமை முட்டையில் கரு வளராமல் நிற்பதைப் பற்றி ஹமாட்ரையடில் ஒரு குறிப்பு எழுதினார்.

விஷயம் இதுதான். கோழி முட்டையை அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு. பாலாமை முட்டை அப்படி இல்லை. மண்ணுக்குள் வைத்தவுடன் கரு வளர ஆரம்பிக்காது. ஆரம்பக் கட்டத்திலேயே நின்று தூங்கும். கொஞ்ச காலம் குளிர்ச்சி பட்டு, பிறகு வெப்பம் ஏறினால்தான் தூக்கம் கலைந்து வளரத் தொடங்கும். அதனால் முட்டை வைத்ததிலிருந்து குஞ்சு வெளியே வரப் பல மாதம் ஆகும்; ஒன்பது பத்து மாதம்கூடப் போகலாம். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் அர்த்தம் புரியும். மழை முடிந்து வைக்கிற முட்டை உடனே பொரிந்தால், பங்குனி சித்திரை வெயிலில் வற்றிய ஏரியில் குஞ்சு என்ன செய்யும்? மார்கழிப் பனியைத் தாண்டி, கோடையைத் தாண்டி, தண்ணீர் வரும் நேரத்துக்குக் குஞ்சு வர வேண்டும். முட்டைக்குள்ளேயே ஒரு பஞ்சாங்கம்.

பெரிய ஆமையும் கோடையில் தூங்கும். ஏரி வற்றும்போது சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் ஏரியில் வலை போடுகிற பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அது எங்கயும் போவாது தம்பி. சேத்துக்குள்ளயே கெடக்கும். மொத மழைக்கு மேல வரும்" என்றார். புத்தகத்தில் பல பக்கம் படித்ததை மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சாலக்குடியில் காடர்கள் எப்படியோ, எங்கள் பக்கம் மீன் பிடிக்கிறவர்களும் இருளர்களும் அப்படி. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டு எழுதுகிற ஆள்தான் குறைவு.

இப்போது இந்த இரண்டு தகவலையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் ஏரியின் சேற்றுக்குள் தாய் ஆமை. கரை மண்ணுக்குள் முட்டை. அதே கோடையில்தான் நாம் ஏரியைத் தூர் வாருகிறோம். 2017இலிருந்து குடிமராமத்து என்ற பெயரில் அரசே பெரிய அளவில் செய்தது. நல்ல காரியம்தான், ஏரிக்குத் தூர் வார வேண்டும். அது போக, சாலை போடவும் மனை மேடாக்கவும் சவுடு மண் எடுக்கிற லாரிகள் எங்கள் மாவட்டத்தில் புதுசு கிடையாது. பொக்லைன் வாளி அள்ளுகிற மண்ணில் என்ன தூங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவதாகவும் தெரியவில்லை. ஏரி முழுவதையும் ஒரே கோடையில் சுரண்டாமல் பாதிப் பாதியாக எடுத்தாலே, கரையின் ஒரு பக்கத்தைத் தொடாமல் விட்டாலே, எவ்வளவோ மிஞ்சும் என்பது என் கணிப்பு. இந்த யோசனை எனக்கு வந்ததே, 40 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் முட்டையைப் பார்த்து எழுதி வைத்த குறிப்பால்தான்.

சட்டமும் கணக்கும்

பாலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை. பிடித்தாலோ விற்றாலோ வீட்டில் வைத்திருந்தாலோ குற்றம். 3 முதல் 7 வருஷம் வரை சிறை. மீன் தொட்டியில் ராசிக்கு ஓர் ஆமை என்று வைத்திருப்பவர்களுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை.

தமிழில் 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று ஒரு பழமொழி உண்டு. அமீனா என்பவர் ஜப்தி செய்ய வரும் கோர்ட் சிப்பந்தி. அப்படிப் பார்த்தால் இந்த வடிவத்தில் இது ரொம்பப் பழைய பழமொழியாக இருக்க முடியாது. கோர்ட்டும் ஜப்தியும் வந்த பிறகுதான் பிறந்திருக்க வேண்டும். எனக்கு அதில் வேறொரு செய்தியும் தெரிகிறது. ஆமை வீட்டுக்குள் புகுந்துவிடும் என்று பயப்படுகிற அளவுக்கு அன்றைக்கு ஊரில் ஆமை இருந்திருக்கிறது. இன்றைக்கு அதே ஆமையைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள்.

அந்தச் சந்தையின் அளவைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு, 2009 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரை பத்து வருஷத்தில், இந்தியாவில் சட்டவிரோத வணிகத்தில் சிக்கிய நில ஆமை, நன்னீர் ஆமைகளைத் தொகுத்தது. குறைந்தது 1,11,310. வாரத்துக்கு 200க்கும் மேல். வெளியே தெரிந்தது மட்டும் இவ்வளவு.

கணக்கு இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022இல் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், லீத் மெல்லோட்டு ஆமையும் செங்கிரீட ஆற்று ஆமையும் இரண்டாம் பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டன. முதல் பட்டியல் என்றால் உலக வணிகத்துக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை. லீத் ஆமை காவிரி, பவானி, மாயாறு என்று நம் ஆறுகளிலும் வாழ்வது. செங்கிரீட ஆமைக்குக் கடைசிப் பெரிய புகலிடம் சம்பல் ஆறு. காட்டில் ஒருவேளை அழிந்தாலும் வம்சம் தப்ப வேண்டும் என்று காப்புக் கூட்டமாக வளர்க்கும் இடங்களில் நம் வடநெம்மேலியும் ஒன்று. பட்டியலில் உயர்த்து என்று ஒரு நாடு போய்க் கேட்க வேண்டுமானால், எவ்வளவு மிச்சம், எங்கே மிச்சம், எதனால் குறைகிறது என்று தாளில் காட்ட வேண்டும். வெறும் பாசத்தை வைத்து அங்கே வாதாட முடியாது.

சுந்தரவனத்தில் இதே வேலை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. படாகுர் பாஸ்கா என்ற ஆற்று ஆமை இந்தியாவில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது என்றே நினைத்தார்கள். 2008இல் சஜ்னேகாலியில் ஒரு குளத்தில் சில ஆமைகள் இருப்பது தெரிந்தது. அவற்றை வைத்து வனத்துறையும் டர்ட்டில் சர்வைவல் அலையன்ஸும் இனப்பெருக்கம் செய்தன. 2022 ஜனவரியில் 10 ஆமைகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி ஆற்றில் விட்டார்கள். சில ஆமைகள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்கே போய்விட்டன. குளத்தில் பிறந்தது திறந்த ஆற்றில் எங்கே போகும், என்ன ஆகும் என்று அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும். அடுத்த முறை எங்கே விடலாம் என்று யோசிக்க முடியும்.

பெரியபாளையத்துக்கு என்ன

இதையெல்லாம் படித்த பிறகு ஒன்று தெளிவாகத் தோன்றுகிறது. பிரம்பு ஆமை 1912க்கும் 1982க்கும் நடுவே எந்த நிலையில் இருந்ததோ, எங்கள் பக்கத்துப் பாலாமை இன்றைக்குக் கிட்டத்தட்ட அந்த நிலையில் இருக்கிறது. பெயர் உண்டு, சட்டம் உண்டு, ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயமும் உண்டு. நடுவில் எழுத்து இல்லை. அரிய ஆமையைத் தேடிக்கொண்டு காட்டுக்குப் போக ஆள் வருவார்கள். ஏரியில் தினமும் தலை தூக்குகிற ஆமையை யார் எண்ணுவார்கள்? சாதாரணமாகக் கிடைப்பது என்பதாலேயே, குறையும்போது யாருக்கும் தெரியாமல் குறையும்.

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஏரிக் கரையில் ஆமை தென்பட்டால் தேதி, நேரம், ஏரியின் பெயர், தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று நாலு வரி. கையால் தொட வேண்டாம், தூக்க வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு படம் போதும். அதை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்திலோ இந்திய உயிர்ப்பன்மைத் தளத்திலோ ஏற்றிவிட்டால், பின்னால் வருகிற ஆய்வாளருக்கு அது தரவு. தூர் வாரும்போது ஆமை வெளியே வந்தால் அதே ஏரியின் ஈரமான பகுதியில் விடச் சொல்லலாம். யாராவது பிடித்து வைத்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லலாம். பள்ளிக்கூடத்து இயற்கை மன்றங்கள் நினைத்தால் ஒரே வருஷத்தில் ஒரு ஒன்றியத்தின் ஏரிகளை முடித்துவிடலாம்.

நான் ஆரணி ஆற்றுப் பக்கம் நாலு ஏரிகளுக்கு ஒரு சின்ன அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு காலையில் போய்ப் பார்த்து எழுதுவது. இப்போதைக்கு நிறையக் கட்டம் காலி. ஊத்துக்கோட்டை, வெங்கல், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஏரியைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் சொல்லுங்கள், அட்டவணையைத் தருகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தால்கூடப் போதும்.